மிச்சம் 46 ரூபாய் யார் தலையில்?

ரயில் டிக்கெட் கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பீர்கள்? கோச் நம்பர், லோயரா அப்பரா, வெயிட்டிங் லிஸ்ட் என்றால் எத்தனாவது... அவ்வளவுதான். 2016 வாக்கில் அதே டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று. கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து, பெண்ணின் அப்பா குனிந்து, "இந்த இலைக்கு ஐந்நூறு ரூபாய் ஆச்சு, தெரியுமோ?" என்று காதில் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி!

பிறகு கணக்கு இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2025 மார்ச்சில் அதையே வேறு விதமாக உடைத்துக் காட்டினார். ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 1 ரூபாய் 38 காசு ஆகிறது. வாங்குவது 73 காசு. முந்நூறு கிலோமீட்டர் போனால் 414 ரூபாய் செலவு, 219 ரூபாய் வரவு. இது எல்லா வகுப்பையும் போட்டுக் குலுக்கி எடுத்த சராசரி. ஏ.ஸி. பெட்டியில் போர்வை போர்த்திக்கொண்டு போகிறவரும், பாசஞ்சர் வண்டியில் வாழைத்தாரோடு போகிறவரும் இதில் ஒன்று. இந்த வகையில் 2022-23இல் மட்டும் துண்டு விழுந்தது 56,993 கோடி ரூபாய்.

நான் பி.காம். படித்தவன். மூன்று வருஷம் படித்ததில் மறக்காமல் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் டெபிட் இருந்தால் இன்னொரு பக்கம் கிரெடிட் இருந்தாக வேண்டும். அப்படியானால் அந்த மிச்சம் 46 ரூபாயை யாரோ கொடுத்தாக வேண்டுமே, யார் அந்தப் புண்ணியவான்?

வருமானப் பக்கத்தைப் புரட்டினால் ஆள் அகப்பட்டுவிடுகிறார். 2024-25இல் ரயில்வேயின் வருமானம் சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம் கோடி. இதில் நாம் எழுநூறு கோடிக்கு மேற்பட்ட தடவை ஏறி இறங்கிக் கொடுத்தது 75 ஆயிரம் கோடி அளவில். அதாவது 100 ரூபாய்க்கு 27 ரூபாய். சரக்கு வண்டிகள் கொண்டுவந்தது ஒரு லட்சத்து 70 ஆயிரம் கோடிக்குமேல். விளம்பரம், பிளாட்பாரம் டிக்கெட், கடை வாடகை எல்லாம் மிச்ச சொச்சம்.

அந்தச் சரக்கு என்ன? ஆண்டுக்கு 160 கோடி டன். அதில் ஏறத்தாழ பாதி, நிலக்கரி! மீதிதான் இரும்புத் தாது, சிமென்ட், அரிசி, கோதுமை, உரம், பெட்ரோல் எல்லாம். ஆக, நீங்கள் மதுரைக்குப் போகும்போது உங்கள் டிக்கெட்டின் மீதிப் பணத்தைக் கொடுப்பது ஒடிஷாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கிளம்பிய கரி மூட்டை. அது அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அங்கே கரிக்குக் கொடுத்த வண்டி வாடகை மின்சாரத்தின் விலையில் ஏறுகிறது. மின்சாரம் உங்கள் வீட்டு மீட்டருக்கு வருகிறது. 57 சதவீதம் என்று அச்சடித்தவர்கள் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கலாம்: 'மீதியைக் கரண்ட் பில்லில் கட்டிவிடவும்.'

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வருஷம் ஒரு தடவைகூட ரயிலேறாத கிராமத்துக் கிழவியும் அரிசியிலும் சிமென்டிலும் அந்தப் பணத்தைக் கட்டுகிறாள். ஏழைக்காகக் கட்டணத்தைக் குறைத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லி, அதை இன்னொரு ஏழையிடமிருந்து, அவளுக்கே தெரியாமல் வாங்குகிறார்கள். மானியம் கொடுப்பது தப்பில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறோம், ரேஷன் அரிசிக்குக் கொடுக்கிறோம். ஆனால் அதெல்லாம் பட்ஜெட்டில் பகிரங்கமாக எழுதப்படுகிறது. இது மட்டும் கரி மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது.

சரக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லாரிக்குப் போய்விட்டார்கள். சுதந்திரம் வந்த புதிதில் நாட்டின் சரக்கில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ரயிலில் போனது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கரியை லாரியில் ஆயிரம் கிலோமீட்டர் ஏற்ற முடியாது என்பதால் அது மட்டும் ஓடிப்போகாமல் இருக்கிறது. நாளைக்கு சூரிய ஒளியும் காற்றாலையும் பெருகி, கரி குறைந்தால் நம் டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை. கரியை எரிக்காதே என்று ஒரு கையால் சொல்லிக்கொண்டு, மறு கையால் கரி சம்பாதித்ததில் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த 46 ரூபாய்க் கணக்கே கொஞ்சம் சிக்கலானது. ஒரே தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸும் போகிறது, கரி வண்டியும் போகிறது. தண்டவாளம் தேய்ந்ததில் யார் பங்கு எவ்வளவு? ஸ்டேஷன் மாஸ்டர் சம்பளத்தில் எத்தனை ரூபாய் உங்களுக்கு, எத்தனை ரூபாய் சிமென்டுக்கு? கூட்டுக் குடும்பத்தில் உப்புச் செலவைப் பங்கு பிரிக்கிற கதைதான். 2015இல் அறிக்கை கொடுத்த விவேக் தேவ்ராய் குழு முதலில் கணக்கெழுதும் முறையைச் சரிசெய்யுங்கள் என்றது இதனால்தான்.

சரி, செலவுப் பக்கம்? அமைச்சர் சொன்ன கணக்குப்படி, ஊழியர் செலவு 1 லட்சத்து 16 ஆயிரம் கோடி. பென்ஷன் 66 ஆயிரம் கோடி. மின்சாரம், டீசல் 32 ஆயிரம் கோடி. கடனுக்காகக் கட்டுவது 25 ஆயிரம் கோடி. பராமரிப்பு, மற்றதெல்லாம் சேர்த்துக் கூட்டினால் 2 லட்சத்து 75 ஆயிரம் கோடி. மாதம் 278 ரூபாய் சம்பாதித்து 275 ரூபாய் செலவழிக்கிற குடும்பம். மாதக் கடைசியில் கையில் மூன்று ரூபாய். அதை வைத்துத்தான் புது வீடு கட்டணும், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும்!

100 ரூபாய் சம்பாதிக்க எத்தனை ரூபாய் செலவு என்பதை 'ஆப்பரேட்டிங் ரேஷியோ' என்பார்கள். 2021-22இல் இது 107ஐத் தாண்டியது. கொரோனாவின் கைங்கரியம். 2023-24இல் 98.43. பள்ளிக்கூடத்தில் 98 மார்க் வாங்கினால் மைசூர்பாகு கொடுக்கலாம். இங்கே 98 என்றால் கிட்டத்தட்ட ஃபெயில்.

அந்த 98ஐயும் எப்படி எட்டுகிறார்கள் என்பதில்தான் என் போன்ற பி.காம்.களுக்கு ருசி. 2017-18இல் 98.44 என்று காட்டினார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி, அதாவது சி.ஏ.ஜி., ஏட்டைத் திறந்து பார்த்தார். என்.டி.பி.சி.யிடமும் இர்கானிடமும் முன்பணம் வாங்கி வரவில் வைத்திருந்தார்கள். அது இல்லையென்றால் 102.66 என்று எழுதினார். 2019-20இல் 98.36. அந்த வருஷம் உண்மையில் கொடுத்த பென்ஷனை முழுசாகக் கழித்திருந்தால் 114.35 ஆகியிருக்கும் என்றார். அடுத்த மாத வாடகையை இந்த மாதமே வாங்கிக்கொண்டு, 'நம்ம வீட்டில் கடனே இல்லை' என்று சம்பந்தியிடம் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். செய்வது அரசாங்கம் என்பதால் ஆடிட்டர் வருகிறார்.

பென்ஷன் விஷயத்தில் ஒரு வேடிக்கை. வேலை பார்ப்பவர்கள் சுமார் 12 லட்சம், பென்ஷன் வாங்குபவர்கள் 15 லட்சம். மற்ற மத்திய அரசு இலாகாக்களில் பென்ஷன் பொதுக் கஜானாவிலிருந்து வரும். ரயில்வே மட்டும் தன் வருமானத்திலிருந்தே கொடுக்கிறது. என் பெரியப்பா ரயில்வேயில் கன்ட்ரோலராக இருந்து ரிடையர் ஆனவர். இந்தப் புள்ளிவிவரத்தை அவரிடம் சொன்னேன். "அதுக்கு என்னை என்னடா பண்ணச் சொல்றே?" என்றார்.

அவரைப் பேச்சில் மடக்க முடியாது. ஆனால் ரயில் எப்படி ஓடுகிறது என்று அவரைப்போல் விளக்கவும் ஆள் கிடையாது.

"ஏன் பெரியப்பா, தீபாவளிக்கு ஜனங்க ஜன்னல் வழியா ஏறுது. இன்னும் பத்து வண்டி விட்டா என்ன?"

"விடலாம். என்னென்ன வேணும் சொல்லு."

"பெட்டி, இன்ஜின், டிரைவர், கார்டு..."

"டிரைவர் இப்போ லோகோ பைலட். கார்டு இப்போ ட்ரெயின் மேனேஜர். அப்புறம்?"

"பச்சைக் கொடி."

"நீ பி.காம்.தானே?" என்றார். பிறகு மனசு இரங்கி விளக்கினார்.

ஒரு வண்டி காலையில் ஊர் வந்து சேர்ந்தால் அதோடு அது தூங்கப் போவதில்லை. காலிப் பெட்டிகளை யார்டுக்கு இழுத்துப் போவார்கள். சென்னை சென்ட்ரல் வண்டி என்றால் பேஸின் பிரிட்ஜ். அங்கே குழி வெட்டிய பாதையில் நிறுத்தி, அடியில் நுழைந்து பிரேக், சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் பார்த்து, கழுவி, தண்ணீர் ஏற்றி, சாயந்திரம் வேறு பெயரில், வேறு ஊருக்கு அனுப்புவார்கள். காலை வண்டி இரண்டு மணி லேட் என்றால் சாயந்திர வண்டியும் லேட். அதற்கு ஏன் லேட் என்று நாம் இங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்போம். காரணம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்திருக்கும்.

"பெட்டியைச் செஞ்சுடலாம்டா. பெரம்பூர்ல ஐ.சி.எஃப். 1955லேர்ந்து செஞ்சுகிட்டே இருக்கான். வந்தே பாரத்தே அங்கேதானே பொறந்தது? பாதை எங்கே? பழைய முறையில ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான். தானியங்கி சிக்னல் வெச்சா இன்னும் நெருக்கி விடலாம், அதுக்கும் ஒரு அளவு இருக்கு. எக்ஸ்பிரஸ் வருதுன்னா பாசஞ்சர் ஒதுங்கணும். பாசஞ்சர் வருதுன்னா கூட்ஸ் ஒதுங்கணும்."

ஆக, ஒதுங்கிக்கொண்டே இருப்பது யார்? கூட்ஸ்! நாட்டில் கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கிறது. சம்பாதிக்கிற பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, செலவழிக்கிற பிள்ளைக்கு நடுக்கூடத்தில் இலை போடுகிற குடும்பம் இது. இதற்குத்தான் சரக்குக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். கிழக்கில் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் முடிந்து வண்டி ஓடுகிறது. நம் பக்கம் அப்படி ஒரு பாதை இன்னும் வரவில்லை.

பெரியப்பா சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்கு உறைத்தது. தண்டவாளத்தைப் பழுது பார்க்க வேண்டுமானால் இரண்டு, மூன்று மணி நேரம் அந்தப் பாதையில் வண்டியே வரக்கூடாது. அதற்கு 'ப்ளாக்' என்று பெயர். ஒவ்வொரு புது வண்டியும் அந்த மணி நேரத்தைத்தான் தின்கிறது. "எம்.பி. பூமாலை போட்டுக் கொடி அசைச்சுட்டுப் போயிடுவார். மறுநாள்லேர்ந்து கேங்மேன் ப்ளாக் கேப்பான். நான் இல்லேம்பேன். எத்தனை நாள் இல்லேன்னு சொல்லியிருக்கேன், தெரியுமா?" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

பழசாகும் தண்டவாளத்தையும் பெட்டியையும் மாற்ற வருஷா வருஷம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். தேய்மான நிதி. எந்தப் பெட்டிக்கடைக்காரரும் செய்கிற காரியம். 2018-19இலும் 2019-20இலும் இதற்கு ரயில்வே எடுத்து வைத்தது சில நூறு கோடிதான். இரண்டு லட்சம் கோடி புரளும் இடத்தில்! கையில் மூன்று ரூபாய் மிஞ்சுகிற குடும்பம் முதலில் நிறுத்துவது கூரை மராமத்தைத்தானே?

இந்த ஓட்டையை அடைக்க 2017-18இல் ஐந்து வருஷத்தில் ஒரு லட்சம் கோடி என்று பாதுகாப்புக்கென்றே ஒரு நிதி தொடங்கினார்கள். பெயர் ராஷ்ட்ரிய ரயில் சம்ரக்ஷா கோஷ். மத்திய அரசு தன் பங்கைக் கொடுத்தது. ரயில்வே தன் வருமானத்திலிருந்து வருஷம் 5,000 கோடி போட வேண்டும். முதல் நாலு வருஷத்தில் அதில் முக்கால் பங்குக்கு மேல் வரவே இல்லை என்று சி.ஏ.ஜி. 2022 டிசம்பரில் தாக்கலான அறிக்கையில் எழுதினார். வந்த பணத்திலாவது தண்டவாளம் வாங்கினார்களா? வாங்கினார்கள். கூடவே பீங்கான் பாத்திரம், மேஜை நாற்காலி, கால் பிடித்துவிடும் மெஷின் எல்லாமும் வாங்கியிருக்கிறார்கள். நான் ஜோக் அடிக்கவில்லை ஸார், தணிக்கை அறிக்கையில் இருக்கிறது.

அந்த அறிக்கை வந்து ஆறு மாதத்தில், 2023 ஜூன் 2ஆம் தேதி ராத்திரி, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிஷாவின் பாலசோர் பக்கம் பஹாநாகா பஜாரில் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த கூட்ஸ் மேல் மோதியது. கிட்டத்தட்ட 300 பேர் செத்துப்போனார்கள். சிக்னல் வயரிங்கில் கோளாறு. இதையும் அதையும் நேராக முடிச்சுப் போட மாட்டேன். விபத்துக்கு அன்றைய காரணம் வேறு. ஆனால் பெட்டிகள் நசுங்கிய படங்களைப் பார்த்தபோது, கால் பிடித்துவிடும் மெஷின் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை.

'அப்படியானால் கட்டணத்தை ஏற்ற வேண்டியதுதானே?' என்பீர்கள். ஏற்றியவர் கதை தெரியுமா? 2012 மார்ச் 14ஆம் தேதி, ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி பட்ஜெட் வாசித்தார். பல வருஷங்களாக யாரும் தொடாத சாதாரண வகுப்புக் கட்டணத்தையும் தொட்டார். கிலோமீட்டருக்கு இரண்டு காசிலிருந்து முப்பது காசு வரை உயர்வு. எதிர்க்கட்சி கத்துவது வாடிக்கை. இங்கே முதலில் கொதித்தது அவருடைய சொந்தக் கட்சித் தலைவி மம்தா பானர்ஜி! நாலே நாளில் திரிவேதி ராஜினாமா. முகுல் ராய் வந்தார். இரண்டு காசும் ஐந்து காசும் வாபஸ் ஆயின, ஏ.ஸி. உயர் வகுப்புகளில் மட்டும் உயர்வு தங்கியது. பட்ஜெட்டை வாசித்த மந்திரி ஒருவர், அது நிறைவேறுவதைப் பார்க்காமலே பதவி போய் நின்ற காட்சி அது.

அவருக்கு முன்னால் இருந்த லாலு பிரசாத் (2004-09) கெட்டிக்காரர். கட்டணத்தை ஏற்றவில்லை, வேகன்களில் கூடுதலாகச் சரக்கை ஏற்றினார்! லாபம் பெருகியது. ஹார்வர்டு, வார்ட்டன் மாணவர்கள் வந்து குறிப்பெடுத்தார்கள். பெட்டியின் ஓரப் படுக்கைகளுக்கு நடுவே இன்னொரு படுக்கையைச் செருகியதும் அந்தக் காலம்தான். அதில் படுத்து எழுந்தவர்களின் முதுகு இன்னும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறது. 2009இல் மம்தா மந்திரியானதும் அந்த லாபக் கணக்கைக் கேள்வி கேட்டு வெள்ளை அறிக்கை வைத்தார்.

ரயில் பட்ஜெட் என்ற தனித் திருவிழாவே 1924இல் வெள்ளைக்காரன் காலத்தில், ஆக்வொர்த் குழு சொன்னபடி ஆரம்பித்தது. ரயில்வே போட்ட முதலுக்கு அரசாங்கத்துக்கு டிவிடெண்ட் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கும் முன்னால், 1853இல் பம்பாய் - தாணா முதல் வண்டி ஓடிய காலத்தில் நிலைமை நேர் எதிர். லண்டன் கம்பெனிகளுக்கு ஐந்து சதவீத லாபம் உத்தரவாதம். குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு. நம்ம ராயபுரத்திலிருந்து 1856இல் வாலாஜா ரோடு பக்கம் கிளம்பிய வண்டியும் அந்த ஏற்பாட்டில் ஓடியதுதான். அப்போதே டிக்கெட் வாங்காதவன் பணம் கட்டியிருக்கிறான், பாருங்கள்!

2016 பிப்ரவரியில் சுரேஷ் பிரபு வாசித்ததே கடைசி ரயில் பட்ஜெட். மறு வருஷம் அருண் ஜெட்லி அதைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார். வருஷம் ஒன்பதாயிரம் கோடி அளவில் போய்க்கொண்டிருந்த டிவிடெண்டும் நின்றது. இப்போது பணம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. புதுப் பாதை, இரட்டைப் பாதை, மின்மயம், புதுப் பாம்பன் பாலம் போன்ற முதலீட்டுக்கு 2025-26இல் பொது பட்ஜெட் ஒதுக்கியது 2 லட்சத்து 52 ஆயிரம் கோடி. 2013-14இல் இருந்ததைப் போல எட்டு, ஒன்பது மடங்கு. இது உங்கள் வருமான வரி, ஜி.எஸ்.டி. பணம். டிக்கெட்டில் பாதி, கரண்ட் பில்லில் பாதி என்று நினைத்தோம். சோப்பு வாங்கும்போதும் ரயிலுக்குக் கொடுக்கிறோம்.

இன்ஜினும் பெட்டியும்? அதில் கணிசமான பங்கு வாடகை! 1986இல் ஐ.ஆர்.எஃப்.சி. என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இது பத்திரம் விற்றுக் கடன் வாங்கும், அந்தப் பணத்தில் இன்ஜின், வேகன், பெட்டி வாங்கி ரயில்வேக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விடும். ரயில்வே வாடகையும் வட்டியும் கட்டும். மாமனார் பேரில் வண்டி வாங்கி மாப்பிள்ளை ஓட்டுவது போல. 2021இல் இந்தக் கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கும் வந்துவிட்டது.

மந்திரிகள் இப்போதெல்லாம் புத்திசாலிகள். கட்டணம் என்ற வார்த்தையைத் தொடாமல் வசூலிக்கக் கற்றுக்கொண்டார்கள். தட்கல் 1997இலேயே வந்தது; 2014இல் பிரீமியம் தட்கல். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோவில் இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும் முறை. அதே வருஷம், ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழு டிக்கெட் என்று ஆக்கினார்கள். 2020 மார்ச் 20ஆம் தேதி கொரோனாவைச் சாக்கிட்டு மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தினார்கள். பெண்களுக்குப் பாதிக் கட்டணம், ஆண்களுக்கு 40 சதவீதத் தள்ளுபடி என்றிருந்தது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. கேட்டால், எல்லோருக்குமே 46 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறோமே என்கிறார்கள். வெறும் பென்ஷனில் வருஷம் ஒருமுறை பேத்தியைப் பார்க்கப் போகிற பாட்டிக்கும், கம்பெனிச் செலவில் ஏ.ஸி.யில் போகிற மானேஜருக்கும் ஒரே தள்ளுபடி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மானியம் என்றால் யாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுக்க வேண்டாமா?

நேரடி உயர்வும் நடக்கத்தான் செய்கிறது, சத்தமில்லாமல். 2025 ஜூலை 1இல் கிலோமீட்டருக்கு அரைக் காசு, ஒரு காசு, இரண்டு காசு. டிசம்பர் 26இல் மறுபடி ஒரு காசு, இரண்டு காசு. புறநகர் வண்டியையும் சீஸன் டிக்கெட்டையும் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று 2014 ஜூனில் பார்த்துவிட்டார்கள். மாதச் சீஸனுக்குப் பதினைந்து நடைக்குப் பதில் முப்பது நடைக் கட்டணம் என்று அறிவித்த சில நாளில் பம்பாய் கொந்தளித்து, வாபஸ் வாங்க வைத்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் நாலைந்து ஸ்டேஷன் இன்றைக்கும் ஐந்து ரூபாய். ஸ்டேஷன் வாசலில் அந்தக் காசுக்கு ஒரு டீ கிடைக்காது.

ஏறி இறங்குகிற பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேர் ரிசர்வேஷன் இல்லாமல் போகிறவர்கள். வருமானத்தில் முக்கால் பங்கு மீதி ஒருவரிடமிருந்து வருகிறது. அதனால் ஏ.ஸி. பெட்டி பெருகுவதும், ஜெனரல் பெட்டி இன்ஜினை ஒட்டி ஒன்றோ இரண்டோ, வாலில் ஒன்றோ இரண்டோ என்று சுருங்குவதும் வியாபாரக் கணக்கில் நியாயம்தான். சேலத்தில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும்போது, தலைமேல் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக அந்தக் கடைசிப் பெட்டியை நோக்கி ஓடுகிறார்களே, அவர்கள் பெயரைச் சொல்லித்தான் அத்தனை ஆயிரம் கோடியும் மானியமாக எழுதப்படுகிறது. அவர்கள் பாதிப் பேர் வழி முழுக்க நின்றுகொண்டேதான் போகிறார்கள்.